நீரைக் கேட்டுச் சுழலும் விசிறி

2002 ஆகஸ்டில் ஆப்பிள் நிறுவனம் புதிய பவர் மேக் ஜி4 கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முகப்பில் கண்ணாடிபோல் மினுங்கும் டிரைவ் கதவுகள், உள்ளே இரண்டு ப்ராசசர்கள். வாங்கியவர்கள் அதற்குத் தாங்களாகவே ஒரு பெயர் சூட்டினார்கள்: 'விண்ட் டனல்'. விமானத்தின் மாதிரியை நடுவில் நிறுத்தி அசுர வேகத்தில் காற்றை ஊதிப் பார்ப்பார்களே, அந்தக் காற்றுச் சுரங்கம்தான். பெட்டியிலிருந்து வந்த இரைச்சல் அப்படி. பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. அந்தக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் ஓடும்போது விசிறியைக் கவனிக்கும் நிரலுக்கும் 'தெர்ம் விண்ட்டனல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மறு ஆண்டு ஜூனில் ஜி5 அறிமுகமானது. அதில் விசிறிகள் குறையவில்லை, ஒன்பதாகப் பெருகியிருந்தன. ஆனால் சத்தம் அடங்கியிருந்தது. பெட்டியின் உட்புறத்தை நான்கு பகுதிகளாகத் தடுத்து, எந்தப் பகுதிக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவை மட்டும் தரும்படி விசிறிகளை மென்பொருள் தனித்தனியே ஓட்டியது. 2004-ல் 2.5 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசர்கள் இரண்டைப் பொருத்த வேண்டி வந்தபோது காற்று மட்டும் போதவில்லை. பம்ப், குழாய், ரேடியேட்டர் என்று நீர்க்குளிர்ச்சியும் பெட்டிக்குள் குடியேறியது.

அன்று அது ஒரு விலையுயர்ந்த கணினியின் தனிச்சிறப்பு. இன்று வீடியோ எடிட்டிங் செய்பவர், கேம் ஆடும் கல்லூரி மாணவர் என்று பலரது மேசைக்கும் நீர்க்குளிர்ச்சி வந்துவிட்டது. 'தண்ணீரில் குளிர்கிறது, சத்தமே இருக்காது' என்று நம்பி வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து ஸ்விட்சைப் போட்டதும் பழைய பெட்டியைவிட அதிகமாக இரைகிறதே என்று குழம்புகிறார்கள். விசிறி இருப்பதால் வந்த வினை அல்ல அது. அந்த விசிறி யார் சொல்லைக் கேட்டுச் சுழல்கிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

இஸ்திரிப் பெட்டி அளவுச் சூடு

இன்டெல் 2022-ல் வெளியிட்ட கோர் ஐ9 13900கே ப்ராசசர் முழு வேகத்தில் ஓடும்போது 253 வாட் வரை மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அதே ஆண்டு வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு 450 வாட். இரண்டையும் கூட்டினால் 703 வாட். வீட்டில் துணி தேய்க்கும் சாதாரண இஸ்திரிப் பெட்டி 750 வாட். கணினி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அநேகமாக முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. ஆக, சூடேறிய இஸ்திரிப் பெட்டி ஒன்றைத் தகர டப்பாவுக்குள் பூட்டி வைத்துவிட்டு, அது நாள் முழுக்கச் சுடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் வேலை.

நீர் இங்கே சுமைதூக்கி. சிப்பின் தலையில் செம்புத் தகடு ஒன்று உட்கார்ந்திருக்கும். அதன் உள்ளே நுண்ணிய வாய்க்கால்கள். நீர் அவற்றில் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு, குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே மெல்லிய தகடுகளின் ஊடாக விசிறி காற்றைத் தள்ளுகிறது. சூடு காற்றோடு போய்விட, நீர் மறுபடி சிப்பிடம் திரும்புகிறது. கார் இன்ஜினில் நடப்பதும் இதேதான்.

சூட்டை நீர் இடம் மாற்றுமே தவிர, ஒழித்துவிடாது. கடைசியில் அதை அறைக்குள் வெளியேற்றுவது காற்று; காற்றைத் தள்ளுவது விசிறி. நீர்க்குளிர்ச்சி தருகிற நன்மை வேறு: சூட்டை அகலமான பரப்புக்குக் கொண்டுபோய்ப் பரத்தலாம், அதோடு, விசிறி அவசரப்படாமல் இருப்பதற்கு நேரமும் கிடைக்கும். இந்த இரண்டாவது நன்மையைத்தான் பலர் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள்.

துள்ளும் சிப், அசையாத நீர்

மதர்போர்டு தொழிற்சாலையிலிருந்து வரும்போதே விசிறிக்கு ஒரு கட்டளை எழுதி வைத்திருப்பார்கள்: ப்ராசசரின் வெப்பத்தைப் பார், அதற்கேற்ப வேகத்தைக் கூட்டு அல்லது குறை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ப்ராசசரின் மேல் காற்றுக் குளிர்விப்பான் நேரடியாக உட்கார்ந்திருந்த காலத்தில் அதற்குப் பொருளும் இருந்தது.

ஆனால் சிப் என்பது விரல்நகம் அளவுச் சிலிக்கான். அதன் வெப்பமானி அந்தச் சிலிக்கானுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். கண நேரத்துக்கு ப்ராசசர் தன் உச்ச வேகத்துக்குப் போய் வரும். அதற்குள் வெப்பமானியில் 45 டிகிரி 70 ஆகி, மீண்டும் 45-க்கு இறங்கியிருக்கும். விசிறி அதைப் பார்த்துப் பதறி 'உஷ்ஷ்' என்று சீறும். இரண்டு நொடியில் அடங்கும். அடுத்த கிளிக்குக்கு மறுபடி சீறும். இரவு பதினொரு மணிக்கு மின்னஞ்சல் படிக்கிறவருக்குப் பக்கத்தில் யாரோ விட்டுவிட்டுப் பெருமூச்சு விடுவதுபோல இருக்கும்.

காதுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே சீராக வரும் ஓசையைக் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். மாறிக்கொண்டே இருக்கும் ஓசையை மறக்காது. மழை பெய்யும் இரவில் நிம்மதியாகத் தூங்குபவர், குழாயில் சொட்டும் ஒற்றைத் துளிக்கு எழுந்து உட்காருவார். அளந்து பார்த்தால் மழையின் சத்தம்தான் அதிகமாக இருக்கும்.

இப்போது நீரின் பக்கம் வருவோம். ஒரு லிட்டர் நீரின் வெப்பத்தை ஒரே ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 4,186 ஜூல் ஆற்றல் தேவை. ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். ப்ராசசர் வழக்கத்தைவிட 150 வாட் கூடுதலாக எடுத்துக்கொண்டு பத்து நொடி துள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியான கூடுதல் சூடு 1,500 ஜூல். அது முழுவதும் ஒரு லிட்டர் நீரில் இறங்கினாலும் நீரின் வெப்பம் 0.36 டிகிரிதான் ஏறும். அரை டிகிரிகூட இல்லை. சிப் இருபத்தைந்து டிகிரி துள்ளிய அதே சம்பவத்தில் நீர் இமைகூட அசைக்கவில்லை.

ரேடியேட்டரில் இருக்கும் விசிறி குளிர்விப்பது நீரை, சிப்பை அல்ல. சிப் 70 டிகிரியில் இருக்கும்போது நீர் 33 டிகிரியில்தான் இருக்கிறது என்றால், அந்த விசிறி அலறி என்ன பயன்? 33 டிகிரி நீரிலிருந்து அது பிடுங்கக்கூடிய சூடு சொற்பம். சிப்புக்கும் நீருக்கும் நடுவே இருக்கும் வெப்ப இடைவெளி செம்புத் தகடும், அதற்கும் சிப்புக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டும் சார்ந்த விஷயம். விசிறியை எவ்வளவு விரட்டினாலும் அது மாறாது. ஆகவே விசிறி பார்க்க வேண்டிய எண் நீரின் வெப்பம்.

இதில் இன்னொரு சிக்கலும் தீர்கிறது. ஒரே நீர்ச்சுற்றில் ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் இருந்தால், கேம் ஆடும்போது சூட்டில் பெரும்பங்கு கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து வரும். ப்ராசசரோ சும்மா இருக்கும். ப்ராசசரைப் பார்த்துச் சுழலும் விசிறிகள் 'எல்லாம் நலம்' என்று மெல்ல ஓட, நீர் கமுக்கமாகச் சூடேறிக்கொண்டிருக்கும். நீரைப் பார்த்தால் இந்த ஏமாற்று நடக்காது. சூடு எங்கிருந்து வந்தாலும் சேருமிடம் நீர்தான்.

நீர்ச்சுற்றின் எந்த இடத்தில் வெப்பமானியை வைப்பது என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு எளிது. நிமிடத்துக்கு நான்கு லிட்டர் நீர் ஓடினால், அதன் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 279 வாட் வேண்டும். 700 வாட் சூட்டிலும் சுற்றின் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் வித்தியாசம் இரண்டரை டிகிரிதான். எங்கே வைத்தாலும் சரி. குழாய் இணைப்பில் திருகிப் பொருத்தும்படி, மூடிபோன்ற சிறு வெப்பமானிகள் கடையில் கிடைக்கின்றன. உள்ளே இருப்பது 25 டிகிரியில் பத்தாயிரம் ஓம் தடை காட்டும் ஒரு தெர்மிஸ்டர்; சூடு ஏற ஏற அதன் தடை குறையும். மேல்தட்டு மதர்போர்டுகளில் அதைச் செருக இரண்டு பின் கொண்ட இடம் இருக்கும். அது இல்லாத போர்டுக்குத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உண்டு. ஜெர்மனியின் அக்வாகம்ப்யூட்டர் செய்யும் குவாட்ரோ, ஆக்டோ போன்றவை இந்த வேலைக்காகவே பிறந்தவை.

வேகம் பாதி, ஓசை எவ்வளவு?

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டம் பாதியாகும். அது தள்ளும் அழுத்தம் நான்கில் ஒன்றாகும். எடுத்துக்கொள்ளும் மின்சாரம் எட்டில் ஒன்றாகும். பொறியாளர்கள் கட்டட ஏசி முதல் சுரங்கக் காற்றோட்டம் வரை எல்லா இடத்திலும் கையாளும் விதிகள் இவை. ஓசைக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வேகம் பாதியானால் ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும். பத்து டெசிபெல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோலத் தோன்றும்.

இதிலிருந்து பிறக்கிறது ஒரு வினோதக் கணக்கு. ஒரு விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது. அதற்குப் பதில் அதேபோன்ற இரண்டு விசிறிகளைப் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். மொத்தக் காற்று அதேதான். ஒவ்வொரு விசிறியும் 15 டெசிபெல் தணிந்துவிட்டது. இரண்டு சம ஓசைகள் சேர்ந்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. நிகர லாபம் 12 டெசிபெல். மின்சாரமும் கால்பங்காகிறது. விசிறியை இரட்டிப்பாக்கிச் சத்தத்தைப் பாதிக்கும் கீழே இறக்கியாயிற்று! ஒன்பது விசிறி ஜி5 அமைதியாக இருந்ததன் ரகசியங்களில் இதுவும் ஒன்று. நீர்க்குளிர்ச்சியில் ரேடியேட்டரை 120 மில்லிமீட்டரிலிருந்து 240, 360 என்று நீட்டிக்கொண்டே போவதன் காரணமும் இதுதான்.

மெதுவாக ஓடப்போகும் விசிறிக்குத் தோதான ரேடியேட்டரும் வேண்டும். தகடுகள் நெருக்கமாக அடுக்கியவை உண்டு. தளர்வாக அடுக்கியவை உண்டு. நெருக்கமானவை வேகமான காற்றில் நன்றாக வேலை செய்யும். மெல்லிய காற்றால் அந்த நெருக்கத்தைப் பிளந்துகொண்டு போக முடியாது. அழுத்தம் நான்கில் ஒன்றாகிவிட்டதே! அமைதி விரும்புபவர்கள் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தகடுகள் உள்ள தளர்வான ரேடியேட்டரைத் தேடுவது அதனால்தான்.

விசிறித் தயாரிப்பாளர்களும் இதே அழுத்தத்தைத் துரத்துகிறார்கள். ஆஸ்திரியாவின் நோக்டுவா நிறுவனம் 2018-ல் வெளியிட்ட என்எஃப் ஏ12x25 விசிறியில் இறக்கையின் நுனிக்கும் சட்டத்துக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்தான். அந்தச் சந்து வழியாகக் காற்று பின்னால் கசிந்தால் அழுத்தம் வீணாகும். சாதாரணப் பிளாஸ்டிக் இறக்கை, நாள்பட நாள்படச் சுழற்சியின் இழுப்பில் சற்றே நீளும். இவ்வளவு குறுகிய இடைவெளியில் அது சட்டத்தில் உரசிவிடும். அதற்காக, நீளாத தனிவகைப் பிளாஸ்டிக்கை உருவாக்க வேண்டியிருந்தது.

வேகம் குறைந்தும் சில நேரம் ஒரு விநோதமான ரீங்காரம் கேட்கும்: 'வூம்... வூம்... வூம்' என்று அலையலையாக. தம்புராவுக்குச் சுதி கூட்டுபவர்களுக்கு இது பழகிய ஒலி. இரண்டு தந்திகள் கிட்டத்தட்ட ஒன்றாகவும், சரியாக ஒன்றாமலும் இருக்கும்போது எழும் அந்த அசைவுதான் இங்கும். ஒன்பது இறக்கை விசிறி ஒன்று நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓடினால் அதன் இறக்கைகள் நொடிக்கு 150 முறை காற்றை வெட்டும். பக்கத்து விசிறி 1,020 சுற்றில் ஓடினால் 153 முறை. இந்த வித்தியாசம் நொடிக்கு மூன்று துடிப்பாகக் காதில் விழும். ஒரு விசிறியை ஐம்பது அறுபது சுற்று தள்ளி வைத்தால் போதும், அந்த மெதுவான அலை மறைந்துவிடும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் பெட்டியின் தகடு சேர்ந்து அதிர்வதும் உண்டு. கையால் தகட்டை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த வேகத்தை விசிறியின் பாதையிலிருந்து நீக்கிவிடுவார்கள், வண்டி ஓட்டுபவர் பழகிய பள்ளத்தைத் தவிர்ப்பதுபோல.

நான்கு கம்பிகள்

வேகத்தைக் குறைப்பது என்று சொல்வது எளிது. எப்படிக் குறைப்பது?

ஒரு காலத்தில் அது கம்பி வேலை. கணினியின் பவர் சப்ளையில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு தரை (கிரவுண்ட்). விசிறியை மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே இணைத்தால் முழு வேகம். கைவேலை தெரிந்தவர்கள் கறுப்புக்குப் பதில் சிவப்பில் மாட்டினார்கள்: பன்னிரண்டில் ஐந்து போக ஏழு வோல்ட். விசிறி சாந்தமாகிவிடும். பிறகு பெட்டியின் முகப்பில் குமிழ் வைத்துத் திருகும் கட்டுப்பாட்டுப் பலகைகள் வந்தன. வீட்டு மின்விசிறி ரெகுலேட்டர்போலத்தான். கணினி சூடானால் எழுந்து போய்க் குமிழைத் திருக வேண்டும்.

2004-ல் இன்டெல், எல்ஜிஏ 775 என்னும் ப்ராசசர் சாக்கெட்டோடு நான்கு கம்பி விசிறியைப் பரப்பியது. முதல் கம்பி தரை, இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது விசிறி தன் வேகத்தைச் சொல்லும் கம்பி; ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். நான்காவதில் கட்டளை வருகிறது. மின்சாரம் எப்போதும் 12 வோல்ட்டாகவே இருக்க, நான்காவது கம்பியில் நொடிக்கு 25,000 முறை சமிக்ஞை திறந்து மூடும். திறந்திருக்கும் நேரத்தின் விகிதம் எவ்வளவோ, விசிறிக்கு அவ்வளவு வேகம். 25,000 என்ற எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்குக் கீழே மின்சாரத்தைத் திறந்து மூடினால் அந்தத் திறப்பும் மூடலுமே ஒரு கீச்சொலியாகக் கேட்கக்கூடும்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கட்டளையைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் வசதி உண்டு. எல்எம் சென்சர்ஸ் என்னும் மென்பொருள் தொகுப்பில் 'பிடபிள்யூஎம் கான்ஃபிக்' என்று ஒரு கருவி. அது விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, எந்தக் கட்டளைக்கு எந்த விசிறி அடங்குகிறது என்று தானே கண்டுபிடிக்கும். பிறகு 'ஃபேன்கன்ட்ரோல்' என்னும் சிறு நிரல் சில நொடிக்கு ஒருமுறை வெப்பத்தைப் பார்த்து, 0 முதல் 255 வரை ஓர் எண்ணை விசிறிக்கு எழுதும். அதில் இரண்டு எண்களை நாம் கொடுக்க வேண்டும். ஓடும் விசிறி எந்த எண்ணில் நின்றுபோகும் என்பது ஒன்று. நின்ற விசிறி எந்த எண்ணில் கிளம்பும் என்பது மற்றொன்று. இரண்டாவது பெரும்பாலும் பெரியது. பழுதான காரைத் தள்ளியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உருளத் தொடங்கிய பிறகு தள்ளுவது சுலபம், அசைத்துவிடுவதுதான் பாடு.

மாலுமியின் கை

நீரைப் பார்த்து வேகத்தை முடிவு செய்வதற்குப் பின்னால் ஒரு கப்பல் கதை இருக்கிறது. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பொறியாளர் நிக்கலஸ் மினோர்ஸ்கி, கப்பல்களைத் தானாகத் திசைதிருப்பும் கருவியைப் பற்றி 1922-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். சுக்கான் பிடிக்கும் மாலுமி என்ன செய்கிறார் என்பதைக் கவனித்து, அதைக் கணிதமாக்கினார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் மாலுமி பார்ப்பதில்லை. விலகல் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதையும், காற்று ஒரே பக்கம் தள்ளுவதால் வெகுநேரமாகத் தீராமல் நிற்கும் சிறு விலகலையும் சேர்த்துக் கணிக்கிறார்.

இந்த மூன்றும் சமையலறையில் தெரிந்தவைதான். அடுப்பில் பால் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதற்கேற்பத் தீயைக் குறைப்பது முதல் வகை. பால் பாத்திரத்தின் பாதியில்தான் இருக்கிறது, ஆனால் விறுவிறுவென்று ஏறுகிறது. விளிம்பைத் தொடும் முன்பே கை குமிழுக்குப் போகிறது. இது இரண்டாவது. மூன்றாவது வட்டிக் கணக்கு மாதிரி: சின்னப் பாக்கிதான், ஆனால் தீராமல் நின்றால் சேர்ந்துகொண்டே போகும், ஒரு கட்டத்தில் கவனித்தே ஆக வேண்டும். பொறியாளர்கள் இந்த மும்முனைக் கட்டுப்பாட்டைப் பிஐடி என்கிறார்கள். ஜி5 கணினியின் விசிறிகளையும் பம்புகளையும் லினக்ஸில் கவனித்த நிரல் இந்தப் பிஐடி முறையைத்தான் பின்பற்றியது.

வீட்டுக் கணினிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மூன்று புள்ளிகளை இணைக்கும் ஒரு கோடே போதும். நீர், அறையைவிட நான்கு டிகிரி கூடுதலாக இருக்கும்வரை விசிறி 500 சுற்று. பத்து டிகிரி கூடுதல் என்றால் 800. பதினைந்து என்றால் 1,200. நடுவில் எல்லாம் சரிவாக ஏறட்டும். நீர் தானே நிதானமாக இருப்பதால் விசிறியின் ஏற்றமும் நிமிடக்கணக்கில் நடக்கும். காது அதைப் பிடிக்காது. அதோடு ஒன்றிரண்டு டிகிரி தயக்கமும் வைப்பார்கள்: ஏற 35 டிகிரி என்றால் இறங்க 33. இந்தத் தயக்கம் இல்லாவிட்டால் 35-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக விசிறி ஊஞ்சலாடும். நீராவி இயந்திரங்களில் வேகத்தை அடக்கிய கருவிகளிலும் இதே ஊஞ்சலாட்டம் இருந்தது. 1868-ல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் அந்தக் கருவிகள் எப்போது நிலைகொள்ளும், எப்போது ஆடும் என்று கணிதம் எழுதினார்.

இன்னும் எளிய வழியும் உண்டு. எதையும் கட்டுப்படுத்தாமல் எல்லா விசிறிகளையும் 700 சுற்றில் நிலையாக விட்டுவிடுவது. நீர் சூடேற ஏற அதற்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம் கூடும். வித்தியாசம் கூடக் கூட அதே காற்று அதிகச் சூட்டை அள்ளிப் போகும். எங்கோ ஓரிடத்தில் வரவும் செலவும் சமமாகி நீர் நின்றுவிடும். அந்த இடம் 40 டிகிரிக்குள் இருந்தால் கட்டுப்பாட்டு மென்பொருளே தேவையில்லை.

கத்திரி வெயிலில்

ஐரோப்பாவிலிருந்து வரும் கணினி அறிவுரைகளில் 'நீர் 30 டிகிரியைத் தொட்டதும் விசிறி வேகம் பிடிக்கட்டும்' என்று இருக்கும். 21 டிகிரி அறையில் வாழ்பவர் எழுதியது. அதை அப்படியே மே மாதச் சென்னைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஏசி இல்லாத அறை 35 டிகிரியில் இருக்கும். கணினியைப் போடுவதற்கு முன்பே நீரும் 35-தான். எவ்வளவு வேகமாகக் காற்றை ஊதினாலும் ரேடியேட்டர் நீரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. விசிறிகள் காலை முதல் இரவு வரை வீணாக அலறிக்கொண்டிருக்கும்.

நம் ஊரில் விசிறி பார்க்க வேண்டியது நீரின் வெப்பத்துக்கும் அறையின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. காற்று உள்ளே நுழையும் இடத்தில் இன்னொரு தெர்மிஸ்டரை வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக்கொள்ளும்படி சொன்னால் முடிந்தது. நல்ல கட்டுப்பாட்டு மென்பொருள்கள் இந்தக் கழித்தலைச் செய்யும். அந்த வசதி இல்லாதவர்கள் கோடைக்கு ஒன்று, மார்கழிக்கு ஒன்று என்று இரண்டு அளவுகள் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மேல் எல்லை மட்டும் எந்த ஊரிலும் மாறாது. இந்த வேலைக்குப் பெயர்போன டி5 பம்பு தாங்கும் நீரின் வெப்பம் 60 டிகிரி. அதற்கு மேல் போனால் பம்புக்கும் ஆகாது, பிளாஸ்டிக் குழாய்க்கும் ஆகாது. ஆகவே 45 டிகிரி ஆனால் முழு வேகம், 55 ஆனால் கணினியை அணை என்று கண்டிப்பான இரண்டு வரிகள் கீழே இருக்க வேண்டும். 38 டிகிரி அறையில் இந்த எல்லைக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அங்கே ரேடியேட்டர் பெரிதாக இருப்பது ஆடம்பரம் ஆகாது.

நீர் பொய் சொல்லும் நேரம்

இவ்வளவு நம்பகமான நீரும் ஒரே ஒரு சமயத்தில் ஏமாற்றும். பம்பு நின்றுபோனால் நீர் ஓடாது. சிப்பின் மேலுள்ள கொஞ்ச நீர் மளமளவென்று சூடேறும். ரேடியேட்டர் அருகே இருக்கும் வெப்பமானியோ 32 டிகிரி என்று நிம்மதியாகக் காட்டும். அதை நம்பும் விசிறிகள் வேகத்தை இன்னும் குறைக்கும்.

அதனால் நீரை நம்புபவர்கள் பம்பின் சுற்றையும் சேர்த்துக் கண்காணிக்கிறார்கள். பம்பிலும் வேகம் சொல்லும் கம்பி உண்டு. அதை மதர்போர்டில் 'சிபியு ஃபேன்' என்று எழுதிய இடத்தில் மாட்டினால், சுற்று பூஜ்யம் என்று தெரிந்ததும் போர்டே எச்சரிக்கும். கடைசிக் காவல் சிப்பிடம் இருக்கிறது. ஐ9 போன்ற ப்ராசசர்கள் 100 டிகிரியை எட்டினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் அணைந்துவிடும்.

மென்பொருளே செத்துப்போனால்? ஃபேன்கன்ட்ரோல் நின்றுபோகும்போது விசிறிகளை முழு வேகத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் விடைபெறும். ஜி5 கணினியிலும் இயங்குதளத்திலிருந்து கட்டளை வராவிட்டால் ஒன்பது விசிறிகளும் சற்று நேரத்தில் முழு மூச்சில் இரையத் தொடங்கும். சந்தேகம் வந்தால் சத்தம் போடு என்பதுதான் அதற்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

எல்லாம் பொருத்தியபின் சோதனை செய்ய அரை மணி நேரம் வேண்டும். சிப் பத்து நொடியில் தன் உச்சத்தைக் காட்டிவிடும்; நீர் சமநிலைக்கு வரப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து 'சூடாகவில்லை' என்று முடிவு கட்டுபவர்கள் மறுநாள் வீடியோ ரெண்டர் செய்யும்போது திகைத்துப்போவார்கள். முன்கூட்டியே நிரப்பி மூடி விற்கப்படும் ஒற்றைத் தொகுப்புக் குளிர்விப்பான்களில் நீர் குறைவு. அவை சற்று விரைவாகச் சூடேறும். அவற்றிலும் பலவற்றில் நீரின் வெப்பத்தைச் சொல்லும் வசதி உண்டு. என்இசட்எக்ஸ்டி, கோர்சேர் மென்பொருள்களில் விசிறி எதைப் பார்க்க வேண்டும் என்ற இடத்தில் ப்ராசசருக்குப் பதில் நீரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

சோதனைக்கு ஏற்ற நேரம் இரவு. தலைக்கு மேல் சுழலும் வீட்டு மின்விசிறியை அணைத்துவிட வேண்டும். அதன் சத்தத்துக்கு முன்னால் 500 சுற்றில் ஓடும் கணினி விசிறி கேட்கவே கேட்காது. விசிறிகள் அடங்கியதும் அதுவரை அவற்றின் பின்னால் ஒளிந்திருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வரும். முதலில் பம்பின் மெல்லிய முனகல். அதன் அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்து, வேகத்தை ஒரு படி இறக்கினால் தணியும். பிறகு ரேடியேட்டரின் மூலையில் சிக்கிய காற்றுக் குமிழி களகளக்கும்; பெட்டியை நாலு பக்கமும் சாய்த்து அதை விரட்டுவார்கள். அதுவும் போனபின், கேம் ஓடும்போது மட்டும் கிராஃபிக்ஸ் கார்டின் சுருள்களிலிருந்து மெலிதாக ஒரு கீச்சொலி எழும். விசிறியால் வந்ததில்லை என்பதால், அதை எந்த விசிறிக் கட்டுப்பாடும் தொடாது.